பாக்கியம் அம்மாவின் பிறேக்கர்

ஓய்வுபெற்ற பிறகும் எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் முக்கால்வாசி ஒரே கேள்விதான். "அக்கா, உதுக்கு எத்தினை அம்பியர் பிறேக்கர் போடுறது?"

மின்வெட்டுக் காலத்துக்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் கூரைக்குக் கூரை சோலர் பலகைகள் ஏறிவிட்டன. மின்கம்பி போகாத இடங்களில் பற்றறி வைத்துத் தனியாக ஓடும் சின்ன அமைப்புகளும் பெருகிவிட்டன. கேட்பவர்கள் பெரும்பாலும் என்னோடு வேலை செய்த பிள்ளைகள். இப்போது கைபேசியிலேயே கணக்குப் பார்க்கும் செயலி இருக்கிறது. பலகையின் அளவையும் வயரின் நீளத்தையும் கொடுத்தால் அதுவே விடை சொல்லிவிடும். பிறகேன் என்னைக் கேட்கிறாய் என்று போன கிழமை ஒருத்தியிடம் கேட்டேன். "செயலி சொன்னது சரிதான் அக்கா. நீங்களும் ஒருக்கால் சொன்னா எனக்கு நித்திரை வரும்" என்றாள். சிரித்துக்கொண்டே சொன்னேன். தொலைபேசியை வைத்த பிறகு மரியதாஸ் ஐயாவின் வீடு நினைவுக்கு வந்தது. அன்று முழுவதும் அது என்னை விட்டுப் போகவில்லை.

நான் குருநகர்ப் பெண். என் பெயர் யூஜினி. அப்பா கடலுக்குப் போனவர். நான் படித்த காலத்தில் குடாநாட்டில் மின்சாரமே இல்லை. சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் வானொலி கேட்டோம். அந்த டைனமோவைக் கழற்றிப் பார்த்து அண்ணையிடம் அடி வாங்கிய நாளிலிருந்து எனக்கு இந்தத் துறையில் ஆசை. தொழில்நுட்பக் கல்லூரி, பிறகு இரண்டு மூன்று இடங்களில் சில்லறை வேலை, போர் முடிந்த பிறகு சோலர் பொருத்தும் ஒரு சிறிய நிறுவனம். ஓய்வுபெறும் வரை அங்கேதான் இருந்தேன்.

அங்கே எங்களுக்குப் பொறுப்பாக இருந்தவர் சபாநாதன் சேர். சண்டிலிப்பாய்க்காரர், தோட்டக்காரக் குடும்பம். உயரமாக, கொஞ்சம் கூனி நடப்பார். என்னைவிடச் சின்னப் பிள்ளைகளையும் 'நீங்கள்' என்றுதான் சொல்லுவார். ஒரு வீட்டுக்குப் போனால் உடனே சாமான் பையைத் திறக்க விடமாட்டார். முதலில் கதிரையில் அமர்ந்து தண்ணீர் கேட்டு வாங்கிக் குடிப்பார். பிறகு ஆர் எங்கே படுக்கிறது, எத்தனை மணிக்குச் சமையல், இரவிலே எழும்பி நடக்கிற ஆள் இருக்கிறாரா என்று ஊர்க்கதை கதைப்பதுபோல விசாரிப்பார். எனக்கு ஆரம்பத்தில் பொறுமை வராது. அந்தக் கதையிலிருந்துதான் அவர் வயரின் நீளத்தையும் பிறேக்கரின் அளவையும் எடுக்கிறார் என்பது பிறகு விளங்கியது.

பிறேக்கர் என்பது மின்னோட்டம் அளவுக்கு மிஞ்சினால் தானாகவே விழுந்து துண்டிக்கிற ஆளி, அதாவது சுவிச். அதன் கணக்குப் பெரிய வித்தை இல்லை. அந்த வயரில் இடைவிடாமல் ஓடக்கூடிய ஆகக்கூடிய மின்னோட்டத்தை எடுத்து, அதோடு கால்பங்கு கூட்டி, அதற்கு அடுத்த அளவு பிறேக்கரைப் போடவேண்டும். அந்தப் பிறேக்கரின் அளவைவிடக் கூடுதலாக வயர் தாங்கவேண்டும். தாங்காவிட்டால் வயரைத் தடிப்பாக்க வேண்டுமே தவிர வேறு குறுக்குவழி கிடையாது. பற்றறியிலிருந்து வருவது ஒரே திசையில் ஓடுகிற நேரோட்டம் என்பதால் அதற்கென்று செய்த பிறேக்கரையே போடவேண்டும். வீட்டுக்குப் போடுகிற சாதாரணப் பிறேக்கருக்குள் நேரோட்டத்தின் தீப்பொறி இலகுவில் அணையாது. சேர் இதையெல்லாம் விரிவுரையாகச் சொன்னதில்லை. பொருத்தி முடிந்து அரை மணித்தியாலம் ஓடவிட்டு, புறங்கையை ஒவ்வொரு பிறேக்கரின் முகத்திலும் வைத்துப் பார்ப்பார். "உது வயரைக் காப்பாத்திற சாமான், யூஜினி. மெசினைக் காப்பாத்திறதெண்டு நினைச்சா கணக்குப் பிழைச்சிடும்" என்பார். ஒரு கிழமை கழித்துத் திரும்பவும் போய் எல்லா ஸ்குறூவையும் இன்னொருமுறை இறுக்கினால்தான் அவருக்கு அந்த வேலை முடிந்தது.

மரியதாஸ் ஐயாவின் வீடு சாவகச்சேரிக்குத் தெற்கே, வயல்களைத் தாண்டி, நீரேரிக் கரையில் தனித்து நின்றது. அந்த ஒரு வீட்டுக்காக அவ்வளவு தூரம் மின்கம்பம் நட ஆளில்லை. ஐயா கொழும்புத்துறையில் பிறந்து கடலில் வளர்ந்தவர். அவருடைய மனைவி பாக்கியம் அம்மாவுக்கு நெஞ்சு வருத்தம். மூச்சு முட்டி முட்டி, கடைசியில் வைத்தியர் ஒட்சிசன் மெசின் வேண்டும் என்று சொல்லிவிட்டார். காற்றிலிருந்து ஒட்சிசனைப் பிரித்து மூக்குக் குழாய் வழியே கொடுக்கிற மெசின். ஒரு தொண்டு அமைப்பு அதை இரவலாகக் கொடுத்தது. இரவு முழுவதும் ஓடவேண்டும், பகலிலும் கனநேரம் ஓடவேண்டும். அதற்காகத்தான் நாங்கள் போனோம்.

சேர் தண்ணீர் குடித்து முடித்ததும் ஐயாவிடம் கேட்டார். "நீங்கள் எங்கை படுக்கிறனீங்கள்?"

"அவவின்ரை கட்டிலுக்குக் கீழை பாய் போட்டு. கையை மேலை வைச்சுக்கொண்டு படுப்பன். மூச்சு ஏறி இறங்கிறது தெரியும்."

சேர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

கூரையில் நான்கு பலகைகள் பூட்டினோம். உள்ளே பற்றறிகள். தென்பக்கத்து வெளிச்சுவரில், தாழ்வாரத்துக்குக் கீழே பிறேக்கர் பெட்டி. நல்ல வெயிலில் பற்றறிக்குப் போகும் மின்னோட்டம் ஐம்பது அம்பியருக்குக் கிட்ட வரும். கால்பங்கு கூட்டி அறுபத்துமூன்று அம்பியர் பிறேக்கர் போட்டோம். எல்லாம் ஓடவேண்டிய முறையில் ஓடியது. அன்று பின்னேரம் பாக்கியம் அம்மா குழாயை மூக்கில் மாட்டிக்கொண்டு சாய்ந்து, கொஞ்ச நேரத்தில் நித்திரையாகிவிட்டார். ஐயா எங்களை வாசற்படலை வரை கூட்டிக்கொண்டு வந்து, என் கையைப் பிடித்துவிட்டுத் திரும்பிப் போனார்.

சோளகம் தொடங்கியதும் கரைச்சல் தொடங்கியது. நீரேரிப் பக்கமிருந்து தெற்குக் காற்று விடாமல் அடிக்கிற மாதங்கள் அவை. ஐயா தொலைபேசி எடுத்தார். "பிள்ளை, மத்தியானத்திலை பெரிய பிறேக்கர் விழுகுது. திருப்பிப் போட்டா கொஞ்சம் நிக்கும், பிறகும் விழும். பற்றறி நிரம்புதில்லை. விடியச் சாமத்திலை மெசின் நிண்டிட்டுது. அவவை நிமித்திப் பிடிச்சுக்கொண்டு விடியுமட்டும் இருந்தனான்."

அடுத்த நாள் வருகிறோம் என்று சொல்லி, சேரும் நானும் போனோம். மத்தியானம் முழுவதும் பெட்டியைத் திறந்துவைத்து மீற்றரோடு இருந்தோம். மின்னோட்டம் கணக்கில் சொன்ன அளவுதான். ஸ்குறூக்கள் இறுக்கம். பிறேக்கர் விழவேயில்லை. புதிய பிறேக்கர் ஒன்று மாற்றிவிட்டு வந்தோம். சில நாளில் திரும்பவும் அழைப்பு. சொல்லிவிட்டுப் போனோம், திரும்பவும் அது எங்கள் கண் முன்னே விழவில்லை. அலுவலகத்துக்கு வந்து இறங்கும்போது சேர், "நாங்கள் இருக்கேக்கை இல்லாத ஏதோ ஒண்டு நாங்கள் இல்லாதபோது இருக்குது, யூஜினி" என்று மட்டும் சொன்னார்.

அதற்கிடையில் பாக்கியம் அம்மாவின் தங்கை மகன் றமணன் வந்து பார்த்திருக்கிறார். சாவகச்சேரியில் வீடுகளுக்கு வயரிங் செய்கிறவர். பெரியம்மா மூச்சுக்கு அந்தரப்படுவதைப் பார்க்க அவருக்குப் பொறுக்கவில்லை. எங்கள் பிறேக்கரைக் கழற்றிவிட்டு, கையில் கிடைத்த நூறு அம்பியர் பிறேக்கரைப் போட்டிருக்கிறார். அதோடு விழுவது நின்றுவிட்டது. எங்களுக்கு அழைப்பும் வரவில்லை.

எனக்கு அந்த அமைதி பிடிக்கவில்லை. ஒரு நாள் சாவகச்சேரியில் வேறொரு வேலை நேரத்தோடு முடிந்தது. ஸ்கூட்டியைத் திருப்பி வயல் பாதையால் விட்டேன். சொல்லாமல் நான் அங்கே போனது அதுதான் முதல் தடவை.

வெயில் உச்சியில் நின்றது. வீட்டைச் சுற்றித் தென்பக்கம் வந்தேன். பிறேக்கர் பெட்டி இருந்த இடத்தில் ஒரு பெரிய மூட்டை. மேலே தறப்பாள். அதற்குக் கீழே தடித்த கம்பளிப் போர்வை. அதன் மேல் நைலோன் கயிற்றால் குறுக்கும் மறுக்கும் வரிந்து, கடற்காரர் போடுகிற முடிச்சு. என் அப்பா போடுகிற அதே முடிச்சு. கிட்டப் போகும்போதே றப்பர் கருகுகிற மணம். புறங்கையைப் போர்வையில் வைத்தேன், உடனே எடுத்துவிட்டேன்.

"ஐயா!" என்று கூப்பிட்டேன்.

அவர் ஓடிவந்தார். என்னைக் கண்டதும் முகம் வெட்கப்பட்டுப்போனது. "என்ன பிள்ளை, வாறனெண்டு முதலே ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே. உதைக் கழட்டி வடிவா வைச்சிருப்பன்" என்று கயிற்றில் கை வைத்தார்.

"தொடாதையுங்கோ ஐயா. அம்மா இப்ப மெசினிலையோ?"

"ஓம். ஏன்?"

"நிப்பாட்ட வேணும். இப்பவே."

"நிப்பாட்டினா அவ...?"

மெசின் நின்ற அந்த இரவுக்குப் பிறகு தொண்டு அமைப்பு அவசரத்துக்கென்று கொடுத்த சின்னச் சிலிண்டர் ஒன்று கட்டிலடியில் நின்றது. முதலில் அதற்கு மாற்றவேண்டும். ஐயா வால்வைத் திருப்புகிற திறப்பை எடுத்து அதில் வைத்தார். கை நடுங்கித் திறப்பு நழுவி விழுந்தது. திரும்ப எடுத்தார், திரும்ப நழுவியது. நான் வாங்கப் போனேன். பாக்கியம் அம்மா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், அவரையே செய்ய விடு என்பதுபோல. பிறகு மூச்சுக்கு மூச்சு ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். "இஞ்சாருங்கோ. ஆறுதலா. இடப்பக்கம். நான் ஒரு இடமும் போகேல்லை."

அவர் இடப்பக்கம் திருப்பினார். சிலிண்டர் சீறியது. குழாயை மாற்றினோம். அம்மாவைக் கதிரையில் இருத்தி, சிலிண்டரோடு தூக்கி வெளியே வேம்பின் கீழே கொண்டுபோய் வைத்தோம். அதன் பிறகுதான் நான் பெட்டிக்குப் போனேன். கயிற்றை வெட்டிப் போர்வையை இழுத்தேன். முதலில் பலகைகளின் பிறேக்கர், பிறகு வீட்டுக்குப் போவது, கடைசியில் பற்றறி. சேர் சொல்லித்தந்த ஒழுங்கில் ஒவ்வொன்றாக நிறுத்தினேன். நூறு அம்பியர் பிறேக்கரில் ஒரு பக்க வயரின் தோல் இளகி மண்ணிறமாகியிருந்தது. அந்தப் பக்கத்து ஸ்குறூ போதிய இறுக்கம் இல்லை. இறுக்கம் குறைந்த இடம் சூடாகும். சூடு வெளியேற வழியில்லாமல் போர்வை. விழுந்து காப்பாற்றவேண்டிய பிறேக்கரோ விழாத அளவு பெரிது. மேலே ஓலைத் தாழ்வாரம். இன்னும் ஒன்றிரண்டு மத்தியானம் போயிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை நான் அவர்களுக்குச் சொல்லவில்லை.

சேருக்குத் தொலைபேசியில் சொன்னேன். "வாறன்" என்றார். சிலிண்டரின் முள்ளைப் பார்த்தேன். பின்னேரம் வரை தாங்கும் போல இருந்தது, அதற்கு மேல் இல்லை.

காத்திருந்த நேரத்தில் ஐயா தரையில் அமர்ந்து அம்மாவின் காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். போர்வையை ஏன் கட்டினார் என்று கேட்டேன்.

"உப்புக் காத்து பிள்ளை. உந்தச் சோளகம் இரும்பைத் தின்னும். என்ரை முதல் எஞ்சின் அப்பிடித்தான் போனது. அதுக்குப் பிறகு வாங்கினதை ஒவ்வொரு நாளும் சுத்திக் கட்டித்தான் வைப்பன். உது எஞ்சினைவிடப் பெரிசல்லோ. அவவின்ரை மூச்செல்லாம் உதுக்குள்ளாலைதானே வருகுது."

"நாங்கள் வந்த நேரமெல்லாம் கட்டியிருக்கேல்லையே ஐயா?"

"ஆக்கள் வரேக்கை சாக்கு மூட்டை மாதிரிக் கிடந்தா வடிவில்லை எண்டு அவ சொல்லுவா. கழட்டி மடிச்சு வைச்சிடுவன். நீங்கள் போன பிறகு கட்டுவன்." போர்வைக்குள் சூடேறித்தான் எங்கள் பிறேக்கர் மின்னோட்டம் மிஞ்சாமலே விழுந்தது என்பது அப்போது விளங்கியது.

பாக்கியம் அம்மாவுக்குச் சிரிப்பு வந்து இருமலாக மாறியது. ஆறியதும் என்னிடம் சொன்னார், விட்டு விட்டு. "சந்தையிலை கண்டவர். இவர் மீன். நான் கத்தரிக்காய். இவரின்ரை ஆக்களும் சேக்கேல்லை. எங்கடை ஆக்களும் சேக்கேல்லை. அதுதான்... ரெண்டு பக்கத்துக்கும் நடுவிலை வீடு கட்டினது." பிறகு, "அண்டையிலிருந்து உந்த மனுசன் எதையெண்டாலும் மூடிக் கட்டிக்கொண்டுதான் திரியிறார். என்னையும்தான்" என்றார்.

சேர் வந்து சேர்ந்தார். றமணனையும் சாவகச்சேரியில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். நான் வயரைக் காட்ட வாய் திறந்தேன். சேர் கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, "ஐயா, ஒரு வாய் தண்ணி" என்றார். சிலிண்டர் முள் இறங்கிக்கொண்டிருக்கும்போது இந்த மனிதருக்குத் தண்ணீரா என்று எனக்குக் கோபமே வந்தது. ஆனால் தண்ணீர் எடுக்க உள்ளே போய் வந்த ஐயாவின் கை நடுக்கம் அடங்கியிருந்தது. சேர் குடித்தார். கதிரையில் மடித்துக் கிடந்த போர்வையைப் பார்த்தார்.

"எஞ்சினுக்கும் உப்பிடித்தான் கட்டினனீங்களோ?"

"ஓம் தம்பி. என்னாலை எல்லாருக்கும் ஆக்கினை."

"இல்லை ஐயா. உப்புக் காத்து நேரா அடிக்கிற சுவரிலை பெட்டியைப் பூட்டினது நாங்கள். நீங்கள் அதுக்குச் செய்யவேண்டியதைச் செய்திருக்கிறியள். பெட்டியை உள்ளுக்குக் கொண்டுபோவம். பிறகு கட்டத் தேவையில்லை."

அவ்வளவுதான். றமணன் தலை குனிந்து ஒரு பக்கமாக நின்றார். "பெரியம்மாவுக்கு மூச்சு நிக்கக்கூடாதெண்டுதான் சேர்..." என்று தொடங்கினார். சேர் அவர் கையில் ஒரு ஸ்குறூட்றைவரைக் கொடுத்தார். "தெரியும் தம்பி. இஞ்சை பிடியுங்கோ. உங்கடை கை உறுதியான கை. இந்த முனையை நீங்கள் இறுக்குங்கோ, அந்த முனையை யூஜினி பாத்துக்கொள்ளுவா."

கட்டிலறைக்கும் குசினிக்கும் இடையிலிருந்த உட்சுவரில் புதிய பெட்டியைப் பூட்டினோம். வெயிலும் இல்லை, உப்பும் இல்லை. வெந்த வயரை எடுத்துவிட்டுப் புதிய தடித்த வயர் இழுத்தோம். பழைய கணக்குப்படியே அறுபத்துமூன்று அம்பியர் பிறேக்கர். அதோடு சேர் இன்னொன்றும் செய்தார். அதுவரை வீட்டு விளக்குகளும் விசிறியும் மெசினும் ஒரே பிறேக்கருக்குக் கீழே இருந்தன. குசினியில் ஒரு பல்பு பழுதானாலும் மெசின் நிற்கக்கூடும். மெசினுக்கென்று தனி வயர், அதற்கு அளவான தனிச் சின்னப் பிறேக்கர் வைத்தார். வீட்டில் மற்றது எது விழுந்தாலும் அது நிற்கும். பெட்டிக்குள் ஒவ்வொன்றுக்கும் கீழே பெயர் எழுதுவது என் வேலை. அந்தப் பிறேக்கருக்குக் கீழே என்ன எழுதுவது என்று கேட்டேன். ஐயா, "பாக்கியம் எண்டு எழுது பிள்ளை" என்றார். எழுதினேன்.

சிலிண்டர் முள் சிவப்புக்கோட்டைத் தொட்டிருந்தது. நான் ஒவ்வொரு முனையையும் இன்னொருமுறை இழுத்துப் பார்த்தேன். சேர் பற்றறியை இணைத்தார், பிறகு பலகைகளை, கடைசியில் அந்தச் சின்னப் பிறேக்கரை மேலே தள்ளினார். மெசின் ஒரு தடவை கூவிவிட்டு ஓடத் தொடங்கியது. றமணன் பெரியம்மாவைக் குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கிக் கொண்டுவந்து கட்டிலில் விட்டார். நாங்கள் பொழுதுபடும் வரை அங்கேயே இருந்தோம். சேர் புறங்கையால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "நீங்களும் பாருங்கோ" என்றார். எல்லாம் உடம்புச் சூட்டைவிடக் கொஞ்சம்தான் கூட. திரும்பும் வழியில், "இண்டைக்குச் சொல்லாமல் போனது நல்ல காரியம், யூஜினி" என்றார். அவர் வாயிலிருந்து அதைவிடப் பெரிய பாராட்டு நான் வாங்கியதில்லை.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஒரு பிறேக்கரும் காரணமில்லாமல் விழவில்லை. வேறு வீடுகளில் பெட்டி பூட்டும்போது காற்று எந்தப் பக்கத்தால் வருகிறது, வீட்டுக்காரர் எதை மூடிவைக்கிற பழக்கம் உள்ளவர் என்றெல்லாம் நானும் கேட்கத் தொடங்கினேன். சேர் ஓய்வுபெற்று சண்டிலிப்பாயில் மரக்கறித் தோட்டம் செய்தார். பாக்கியம் அம்மா வைத்தியர் சொன்ன காலத்தைத் தாண்டி, வருடக்கணக்கில் இருந்தார். நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எட்டிப் பார்ப்பேன். எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தரச்சொல்லி ஐயாவை அனுப்பிவிட்டு, சீனி எத்தனை கரண்டி என்று கட்டிலில் இருந்தபடியே கட்டளை போடுவார்.

ஒரு மாரி காலத்தில், பகல் நேரத்தில், ஐயாவின் கை மேலே இருக்க, நித்திரையிலேயே போய்விட்டார். செத்த வீட்டுக்கு சேரும் வந்திருந்தார். கொழும்புத்துறையிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள், அம்மாவின் பக்கத்திலிருந்தும் வந்திருந்தார்கள். அந்த முற்றத்தில் இரண்டு பக்கத்தாரையும் ஒன்றாகக் கண்டது அன்றுதான்.

முப்பத்தோராம் நாள் சடங்கு கழிந்த பிறகு ஐயா கூப்பிட்டார். "பிள்ளை, ஒருக்கால் வந்திட்டுப் போறியே?"

போனேன். மெசினைத் தொண்டு அமைப்புக்காரர் வேறு நோயாளி ஒருவருக்குக் கொடுக்கக் கொண்டுபோய்விட்டார்கள். கட்டில் அப்படியே கிடந்தது. கீழே பாயும் கிடந்தது. ஐயா என்னைப் பெட்டிக்கு முன்னால் கூட்டிக்கொண்டு போனார்.

"மற்றதெல்லாம் நானே போட்டு நிப்பாட்டுறன். உதிலை மட்டும் கை போகுதில்லை. நீ நிப்பாட்டிவிடு பிள்ளை."

மெசின் இல்லாமல் ஒரு மாதமாக அந்தச் சின்னப் பிறேக்கர் மேல்நோக்கியபடியே நின்றிருந்தது. நான் விரலை வைத்தேன். திரும்பிப் பார்த்தேன். அவர் என்னையோ பெட்டியையோ பார்க்கவில்லை, கட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் விரலை எடுத்தேன்.

"ஐயா, உதை இப்பிடியே விட்டாலும் ஒண்டும் இல்லை."

"கறண்ட் வீணாப் போகாதோ?"

"மெசின் இல்லாட்டி அதுக்குள்ளாலை ஒண்டும் ஓடாது. சும்மா நிக்கும்."

"வயருக்கு ஆபத்து?"

"இல்லை ஐயா."

அவர், "அப்ப நிக்கட்டும்" என்று சொல்லிப் பெட்டியின் கதவைத் தானே சாத்தினார்.

பிறகு குசினிக்குள் போய், கனநேரம் எடுத்து, இரண்டு குவளையில் தேத்தண்ணி கொண்டுவந்தார். "சீனி காணுமோ எண்டு பார் பிள்ளை. அவதான் சொல்லுறவ. எனக்கு அளவு தெரியாது."

ஒரு வாய் குடித்தேன். சீனிப் பாணி மாதிரி இனித்தது. "சரியா இருக்குது ஐயா" என்று சொல்லி, அவருக்கு எதிரே இருந்து, கடைசிச் சொட்டு வரை குடித்தேன்.